வெளிச்சத்துக்காக ஒரு தாழ்ப்பாள்!

போன் அலறியது.

"சார், உங்க படத்துக்குத்தான் முதல் பரிசு! கடலுக்கடியில மூழ்கிக் கிடக்கிற படகு... பாதி திறந்த கதவு... உள்ளேயிருந்து கசியற வெளிச்சம்... நடுவர்கள் அசந்து போயிட்டாங்க!"

"நன்றி" என்று முனகிவிட்டு வைத்தான் போட்டோக்காரன்.

அந்தக் கதவுக்குள்தான் அவனுடைய அத்தான் செத்துக் கிடந்தார்!

எடுத்தபோது அது அவனுக்குத் தெரியாது. நங்கூரமிட்டு நின்ற அத்தானின் படகு மூழ்கிவிட்டது என்று கேள்விப்பட்டான். அவர் வெளியூர் போயிருப்பதாக அக்கா சொன்னாள். உடனே கேமராவோடு ஆசையாகக் குதித்துவிட்டான். மறுநாள் போலீஸ் டைவர்கள் கேபினுக்குள்ளிருந்து உடலை எடுத்தார்கள்.

கூடத்தில் அத்தானின் அம்மா கத்திக்கொண்டிருந்தாள்.

"கதவு தொறந்துதானே கிடந்துச்சு? அப்படியும் என் புள்ள வெளிய வரலேன்னா என்னடி அர்த்தம்? நீ குடுத்த குடைச்சல்ல தானே படகு அடியில இருக்கிற வால்வைத் தொறந்து, தண்ணியை உள்ள விட்டு, படகோட உயிரை விட்டுட்டான்!"

அக்கா தலை நிமிரவில்லை. அன்று படகில் புருஷனோடு சண்டை போட்டதையும், கோபித்துக்கொண்டு சின்னப் படகில் தனியாகக் கரைக்கு வந்ததையும், சண்டையை மறைக்கத்தான் அவர் வெளியூர் போனதாகச் சொன்னதையும் உடல் கிடைத்த பிறகு அவளே போலீஸில் சொல்லியிருந்தாள். தற்கொலை என்று கேஸை மூடப் போகிறார்கள்.

ஆதாரம்? பரிசு வாங்கிய அதே படம்!

அக்காவைச் சமையலறைக்குள் இழுத்துப் போனான்.

"அக்கா... அந்தக் கதவு தொறந்து கிடக்கல. நான்தான் தொறந்தேன்."

"என்னடா உளர்ற?"

"வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. மூடின கதவை எடுத்தா எவன் பார்ப்பான்? தாழ்ப்பாளை நீக்கி, உள்ளே டார்ச்சை மாட்டிட்டு, தள்ளி வந்து எடுத்தேன். உள்ள எட்டிக்கூடப் பார்க்கலக்கா!"

சொல்லும்போதே உடம்பு கூசியது. கைக்கெட்டும் தூரத்தில் அத்தான்... இவனோ டார்ச்சை எந்தக் கோணத்தில் மாட்டலாம் என்று யோசித்திருக்கிறான்! மூழ்கிய பொருளில் கை வைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். 'எதையும் தொடவில்லை, வெளிச்சம் பலகை இடுக்கு வழியாக வந்த வெயில்' என்று போட்டியிலும் சொன்னான். போலீஸ் கேட்டபோதும் அதையே ஒப்பித்தான்.

"தாழ்ப்பாள் போட்டிருந்ததுக்கு ஆதாரம் இருக்கா?" என்றாள் அக்கா மெதுவாக.

"தொடறதுக்கு முன்னாடி சும்மா ஒண்ணு எடுத்தேன். மெமரி கார்டுல கிடக்கு. அத்தானை யாரோ உள்ள வச்சு அடைச்சுக் கொன்னுருக்காங்க. நான் போய்ச் சொல்லிடறேன்."

அக்கா அவன் கையை இறுகப் பிடித்தாள்.

"வேணாம்டா! அதை அழிச்சிடு. உன் மானம் கப்பலேறிடும். எனக்குத்தானே கெட்ட பேரு? நான் தாங்கிக்கறேன்."

இவன் மானத்துக்காக அவள் பழி சுமக்கிறாளா? அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. கையை உதறிவிட்டு ஓடினான்.

ஸ்டேஷனில் எல்லாவற்றையும் கொட்டி முடித்தான். இன்ஸ்பெக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"பரிசுக்காகத் தடயத்துல கை வச்சிருக்கீங்க. வெக்கமா இல்ல?"

"இருக்கு சார். கண்ணாடியில என் மூஞ்சியைப் பார்க்கவே முடியல. என்னை என்ன வேணா பண்ணுங்க... எங்கக்கா மேல இருக்கிற பழியை மட்டும் எடுத்துடுங்க!"

பின்னால் யாரோ சிரித்தார்கள். தனக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினார். படம் பெரிதானது. மூடிய கதவு. வெளிப்பக்கம் அழுத்திப் போட்ட தாழ்ப்பாள்!

"சந்தேகமே இல்ல. கொலைதான்!"

"யாரு சார் பண்ணியிருப்பாங்க?"

"கரையில இருக்கிற கேமராவைப் பார்த்தோம். அன்னிக்கு அந்தப் படகுக்குப் போனது ரெண்டே பேர். புருஷனும் பொண்டாட்டியும். படகு மூழ்கற வரைக்கும் வேற ஒருத்தரும் கிட்டப் போகல. கதவு தொறந்திருந்ததால, அந்தம்மா இறங்கினப்புறம் அவரே மூழ்கடிச்சுக்கிட்டார்னு நம்பினோம்..."

திரையிலிருந்த தாழ்ப்பாளைத் தொட்டுக் காட்டினார்.

"இப்ப நீங்களே சொல்லுங்க. திரும்பி வந்தது யாரு?"



அக்கா கெஞ்சியது இவன் மானத்துக்காக இல்லை!

"சார்... அந்தக் கார்டு..." அவன் கை தானாக நீண்டது.

இன்ஸ்பெக்டர் அதை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "ஜீப்பை எடுங்கய்யா! பெண் போலீஸையும் கூப்பிடுங்க!"

போட்டோக்காரன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அக்காவைக் காப்பாற்ற வந்து தானே காட்டிக் கொடுத்துவிட்ட வெட்கம், பழைய வெட்கத்தோடு சேர்ந்து அவனை அழுத்தியது.

வாசலில் நின்று திரும்பினார் இன்ஸ்பெக்டர்.

"நீங்க கை வைக்காம எடுத்த ஒரே படம் இதுதான் தம்பி. நியாயமாப் பார்த்தா, பரிசு இதுக்குத்தான் கிடைச்சிருக்கணும்!"