பத்து நிமிட அனுமதி

அந்தச் சீட்டைக் கிழித்தெறிந்தோமா, கிழிக்க நினைத்ததோடு சரியா என்று சுஜாதாவுக்கு இப்போதும் உறுதியாகச் சொல்ல வரவில்லை. விரலில் பசை பிசுபிசுத்தது நினைவிருக்கிறது. கிழித்தபோதா, ஒட்டியபோதா என்பதுதான் தெரியவில்லை.

எழுதியவள் அவள்தான். மூக்கண்டப்பள்ளியில் வண்டி உதிரிபாகம் செய்யும் அந்தக் கம்பெனியின் நாற்பது கம்ப்யூட்டருக்கும் அவள் ஒருத்திதான் ஆள். பர்சேஸ் மேஜைக் கம்ப்யூட்டரில் மெயிலைத் திறந்தால் ஒரு எச்சரிக்கைப் பெட்டி எழும்பும்: வேறொரு புரோகிராம் உங்கள் முகவரிப் பட்டியலைப் படிக்கப் பார்க்கிறது, அனுமதிக்கலாமா, எத்தனை நிமிடத்துக்கு? பழைய பர்சேஸ் ஆபீசர் தீர்த்தகிரி செய்து வைத்த வேலை அது. போனில் இருக்கும் பெயர்களெல்லாம் ஆபீஸ் மெயிலிலும் இருக்கவேண்டும் என்று எங்கிருந்தோ ஒரு சிங்க் சாஃப்ட்வேரை இறக்கிப் போட்டிருந்தார். மாரடைப்பில் அவர் போய் இரண்டு மாதமாகியும் பெட்டி வருவது நிற்கவில்லை. ராத்திரியில் தூக்கமே வராத சுஜாதாவுக்கு அதை ஒழுங்காகப் பார்க்க உடம்பில் தெம்பில்லை. மஞ்சள் சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டினாள். 'பத்து நிமிடம் கொடுத்து அனுமதிக்கவும்.'

எல்லோரும் அப்படியே செய்தார்கள். யாரும் எதையும் படிக்கவில்லை.

தீர்த்தகிரியின் இடத்துக்கு வந்த கோபி அன்று சொல்லாமல் லீவு. காலை பதினோரு மணிக்கு அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்துக் கூடத்தில் பிரஸ் மெஷின் விழுந்து விழுந்து எழ, ஒவ்வொரு தடவையும் தரை அதிர்ந்து மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலில் வளையம் வளையமாக அலை ஓடியது. ஆயில் வாடைக்கு அடியில் இன்னொரு வாசனை, அப்போதுதான் கிளறிய ஈர மண்ணின் வாசனை, கீபோர்டிலிருந்து வருவதுபோல் மெல்ல மேலே ஏறியது. ஓசூரில் மழை பெய்து இரண்டு வாரமாகிறது.

சிங்க் சாஃப்ட்வேரின் பதிவைத் திறந்தாள். கருவி: தீர்த்தகிரி போன். கடைசித் தொடர்பு: நான்கு நிமிடம் முன்பு.

ஜவளகிரிப் பக்கம் இருக்கும் அவர் மனைவி ராஜாத்தியைக் கூப்பிட்டு, போனை அணைத்து வைக்கச் சொன்னாள்.

"அவுரு அதக் கைய விட்டு எறக்கவே மாட்டாரேம்மா. சட்டப் பையிலயே வெச்சு மண்ணு தள்ளிட்டோம்."

சுஜாதா போனை வைத்துவிட்டுத் திரைக்குத் திரும்பினாள்.

பதிவில் பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு நாள் அனுமதிக்கும் ஒரு பெயர் அந்தக் கருவிக்குப் போயிருந்தது. வெளியூர் சப்ளையர்கள், லாரிக்காரர்கள், அவளுக்குத் தெரியாதவர்கள். பிறகு வாட்ச்மேன் ஆஞ்சப்பன், தூக்கத்திலேயே போய்விட்டவர். பிறகு ஃபிட்டர் விமல்ராஜ். மேம்பாலத்தில் லாரி அடித்தது. தேதிகளைப் பார்த்தாள். இரண்டு பேரும் இறந்தது, பெயர் போன அதே நாளில். நேற்று மாலை: கோபி.

அதற்குக் கீழே, காத்திருப்பது: காவியா, சுஜாதா மகள்.

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அந்த எண்ணை ஒருநாள் தீர்த்தகிரிக்குக் கொடுத்தது அவள்தான்.

பெட்டி எழும்பியது. மறுத்தாள். மீண்டும் வந்தது. மறுத்தாள். சாஃப்ட்வேரை நீக்கினாள். வந்தது. பெயரை அழித்தாள். வந்தது. நெட் கேபிளைப் பிடுங்கினாள். வந்தது. அந்தக் கம்ப்யூட்டரின் மின்சாரத்தையே நிறுத்தினாள். அடுத்த மேஜையில், நிர்மலாவின் திரையில் வந்தது.

உள்ளே மெஷின் சத்தம். போனோடு வாசலுக்கு ஓடினாள். தளியிலிருந்து வந்த பூ வண்டி கடந்து போகும்வரை ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா, பஸ்ல இருக்கேன். சூளகிரி தாண்டிட்டேன். மூணு நாளா பேசல, இப்ப என்ன திடீர்னு?"

"எறங்கிடு. எங்கயாவது எறங்கி நில்லு."

"தூங்கவே மாட்டியாம்மா நீ? வீட்டுக்கு வந்து பேசறேன், போன வெய்யி."

திரும்பி வந்தபோது ஸ்டோருக்குப் போயிருந்த நிர்மலா தன் இடத்தில் உட்கார்ந்து மெயில் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் பெட்டி என் சிஸ்டத்துக்கும் வந்துடுச்சு. நீங்க சொன்ன மாதிரியே பத்து நிமிஷம் குடுத்துட்டேன்."

பக்கத்துத் திரையிலிருந்த சீட்டைப் பார்த்துச் செய்தாளா, இரண்டு மாதப் பழக்கமே போதுமாக இருந்ததா, தெரியவில்லை.

சுஜாதா மறுபடி கூப்பிட்டாள். காவியாவின் போன் அடித்தது. எடுக்கவில்லை. அடித்தது. பிரஸ் மெஷின் நின்றிருந்தது. தண்ணீரில் மட்டும் வளையங்கள்.

ஆறு நிமிடம். எட்டு.

நிர்மலாவின் திரையில் பதிவு தானாகத் திறந்து ஒரு வரி கூடியது: காவியா.

கோபியின் உடலை அவன் வாடகை அறையின் கதவை உடைத்து எடுத்தார்கள். நிர்மலா வேலையை விட்டுவிட்டாள். ராஜாத்தி யார் கூப்பிட்டாலும் போனை எடுப்பதில்லை. காவியாவைப் புதைத்தார்கள். அவள் போனை முழுதாகச் சார்ஜ் ஏற்றிக் கைக்குள் வைத்தது சுஜாதாதான். யாரும் தடுக்கவில்லை.

சுஜாதா வேலைக்கு வருகிறாள். பர்சேஸ் கம்ப்யூட்டரை அவளைத் தவிர யாரும் தொடுவதில்லை. இன்று காலை மண் வாசனை வந்தது. பின்னாலேயே பெட்டி வந்தது. கருவி: காவியா போன். காத்திருப்பது: அம்மா.

பத்து நிமிடம் கொடுத்துவிட்டு, கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.