முழங்கால் வரைக்கும் மஞ்சள்

"நாலு மணிக்கு மேனேஜர் முடிவு சொல்லிருவாருக்கா. வேலை போனா லயத்து வீடும் போயிரும். காலி பண்ண மூணு நாள் குடுப்பாங்களாம்."

வீரம்மா நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள். லகாட் பக்கத்துத் தோட்டத்தில் பதினோரு வருஷமாகக் களைக்கு மருந்தடிக்கிறவள். வேலை உடுப்போடு அப்படியே ஈப்போவுக்குப் பஸ் ஏறிவிட்டாள். கால்சட்டையின் கீழ்விளிம்பு மருந்தின் நீலம் படிந்து விறைத்திருந்தது. அக்காவின் புதுத் தரைவிரிப்பு என்ன ஆகப்போகிறதோ என்று தர்மாவுக்கு ஒரே கவலை.

அக்கா என்றால் தவமணி. முப்பது வருஷம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சி சொல்கிறவன் எந்த இடத்தில் தடுமாறுவான் என்பது அவருக்கு அத்துப்படி, அதனால் சிக்கலில் மாட்டினவர்கள் அவரைத் தேடி வருவார்கள். தர்மா அவருக்குக் கார் ஓட்டுகிறவன். துப்பறிவதில் பாதிப் பங்கு தன்னுடையது என்று அவனாகவே முடிவு கட்டியிருந்தான்.

விஷயம் இதுதான். சுரேன் என்பவர் தோட்டத்தில் குத்தகைக்கு எடுத்திருந்த மீன்குளத்தில் யாரோ களைக்கொல்லியை ஊற்ற, அத்தனை மீனும் செத்து மிதந்தன. கரையில் வீரம்மாவின் மஞ்சள் பூட்ஸ் கிடந்தது. போன வாரம்தான் அவளுக்கும் சுரேனுக்கும் வாய்த்தகராறு. போதாக்குறைக்கு, ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி கோகிலன் அன்று விடிகாலையில் அவளைக் குளக்கரையில் கண்டதாகச் சொல்லிவிட்டார்.

வீரம்மா நீட்டிய குற்றச்சாட்டுக் கடிதத்தைத் தவமணி இரண்டு முறை படித்தார்.

"இதில வெறும் 'கசுட்' எண்டு கிடக்குது. மலாயில அது பள்ளிச் சப்பாத்துக்கும் பொருந்தும், இந்த உயரச் சப்பாத்துக்கும் பொருந்தும். கிராணி உண்மையில என்ன கண்டவர் எண்டு இதை வச்சுச் சொல்லேலாது. உங்கட பூட்ஸ் என்ன அளவு?"

"எட்டாம் நம்பர்கா. என் காலுக்கு ஆறுதான். ஸ்டோர்ல எட்டுதான் இருக்குன்னு கிராணி குடுத்தாரு, ரெண்டு சாக்ஸ் போட்டு நடக்குறேன். வேலை முடிஞ்சா கழுவி, ஸ்டோருக்குப் பின்னால கம்புல கவுத்துட்டுப் போயிருவோம். யார் வேணும்னாலும் எடுக்கலாம்லா."

தோட்டத்துக்குப் போகும் வழியெல்லாம் தர்மா காரை ஓட்டியபடியே தன் முடிவைச் சொல்லிக்கொண்டு வந்தான். "சுரேனே ஊத்தியிருப்பான்கா. பழிய இவங்க மேல போட்டுட்டான்."

"ரோட்டைப் பாரும்," என்றார் தவமணி.

தோட்ட அலுவலகத்தில் மேனேஜர் பவித்ரன் பூட்ஸைச் செய்தித்தாள்மேல் வைத்திருந்தார். தவமணி கைப்பேசி வெளிச்சத்தை அதற்குள் அடித்துப் பார்த்தார். உட்புறம் முழுக்க, அடிவரைக்கும், நீலம் பிசுபிசுத்துக் கிடந்தது. தர்மாவும் எட்டிப் பார்த்துத் தலையாட்டி வைத்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கோகிலன் வந்தார். தேய்த்த சட்டை, காலில் ஜப்பான் சிலிப்பர்.

"கிராணி சப்பாத்து இல்லாம வந்து இன்னைக்குத்தான் பாக்குறேன்," என்று வீரம்மா முணுமுணுத்தாள்.

"தம்பி, கடிதத்தில சரியா எழுதேல்ல," என்றார் தவமணி. "நீங்கள் கண்டது சப்பாத்தோ, கரண்டைக்கால் வரைக்கும் போடுறதோ, வேற ஏதுமோ?"

"பூட்ஸுக்கா. நல்லா பாத்தேன். மழைக்கோட்டு போட்டிருந்ததால முகம் தெரியல. ஆனா முழங்கால் வரைக்கும் பளிச்சுனு மஞ்சள்." சொல்லும்போதே ஒரு காலால் மற்றக் காலைத் தேய்த்துக்கொண்டார்.

"முழங்கால் வரைக்கும்?"

"சத்தியமா."

தவமணி மேனேஜரிடம் திரும்பினார். "ஸ்டோரில வேற பூட்ஸ் இருந்தா ஒண்டு எடுப்பியுங்கோ. வீரம்மா, வேலைக்குப் போடுற மாதிரிப் போடுங்கோ."

சாவியை வாங்கிக்கொண்டு தர்மா ஓடிப்போய் ஒரு ஜோடியைக் கொண்டுவந்தான். வீரம்மா பையில் இருந்த இரண்டு ஜோடிச் சாக்ஸையும் மாட்டிக் காலை நுழைத்தாள். கால்சட்டையைக் கீழே இழுத்துப் பூட்ஸின் மேல் விட்டாள். பாதத்தின் மஞ்சள் மட்டும் வெளியே தெரிந்தது. முழங்கால் எங்கே, மஞ்சள் எங்கே.

"ஏன் வெளியில விடுறீங்கள்?"

"உள்ள விட்டா மருந்து கால்சட்டையில வழிஞ்சு பூட்ஸுக்குள்ள எறங்கிரும்கா. காலு வெந்துரும். வேலைக்குச் சேர்ந்த மொத நாளே இதத்தான் சொல்லித் தருவாங்க."

"பதினோரு வருஷமா மருந்தடிக்கிறவ, முழங்கால் வரைக்கும் மஞ்சள் தெரிய நிக்கமாட்டா," என்றார் தவமணி நிதானமாக. "கால்சட்டையை உள்ள விட்டுப் போடுறது, சேறு படாம இருக்க மட்டும் பூட்ஸ் போடுற ஆக்கள். அப்பிடி ஒரு ஆள்தான் இதைப் போட்டுக்கொண்டு மருந்து ஊத்தினது. உள்ளுக்குக் கிடக்கிற நீலத்தைப் பாருங்கோ. ஊத்தேக்க சிந்தினது வழிஞ்சு உள்ள இறங்கிட்டுது. கலக்காத மருந்து. வீரம்மா, பூட்ஸைக் கழட்டிப்போட்டுக் கால்சட்டையைத் தூக்குங்கோ."

வீரம்மாவின் கெண்டைக்காலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. காட்டிவிட்டுப் பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"தம்பி, இனி நீங்கள்."

கோகிலன் அசையவில்லை. "நான் எதுக்குக்கா..."

"காலையில இருந்து சொறிஞ்சுக்கிட்டே இருக்கியே, கோகிலன்," என்றார் பவித்ரன். "தூக்கு."

தூக்கினார். இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே சிவந்து கொப்பளித்திருந்தன. வீரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தக் குளத்த உன் மச்சானுக்குக் கேட்டு நாலு தடவ வந்தியேடா," என்றார் பவித்ரன். "சுரேன் இருக்குற வரைக்கும் முடியாதுன்னு நான்தான் சொன்னேன்."

"மீனு செத்தா அவன் விட்டுட்டுப் போயிருவான்னு நெனச்சேன் சார்," என்றார் கோகிலன் தரையைப் பார்த்தபடி. "கண்டத கேட்டாங்க. என்னத்த சொல்றது, அன்னைக்குக் குனிஞ்சப்ப என் கால்ல என்ன தெரிஞ்சுதோ அதத்தான் சொன்னேன்."

பவித்ரன் போலீசுக்குப் போன் போட்டார். பிறகு கடிதத்தை எடுத்து, வீரம்மா பார்க்க, குறுக்கே கிழித்தார். சுவர்க் கடிகாரத்தில் நாலாகப் பத்து நிமிஷம் இருந்தது.

வீரம்மா அழுதாள். அழுதுகொண்டே எழுந்து நின்றவள், குனிந்து தன் காலையே பார்த்தாள். இரண்டடி நடந்து பார்த்தாள்.

"தம்பி, இது எங்க கெடச்சுது?"

"ஸ்டோர்லதான்கா, மேல் தட்டுல. ஆறாம் நம்பர் ஒரு பெட்டி நெறைய இருக்கு," என்றான் தர்மா.

வீரம்மா கோகிலனை ஒரு பார்வை பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி, இரண்டாவது சாக்ஸை உருவிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டாள். மறுபடி போட்டு, கால்சட்டையை வெளியே இழுத்துவிட்டு, படியிறங்கி லயத்துப் பக்கம் வேகமாக நடந்தாள்.