ராயப்பனின் நீர்ப்பை

இளவழகன் வந்தது கிட்னிக் கல்லுக்காக. சுரங்கத்தில் ஷிப்ட் முடித்த கையோடு வந்து சி.டி. ஸ்கேன் மேசையில் படுத்தான். கண்ணாடிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து ஸ்கேன் எடுக்கும் சந்திரகலா திரையில் அவன் வயிற்றைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சிறுநீர்ப்பை வந்தபோது கை நின்றது. இடதுபக்கச் சுவரில் சேவல் கொண்டைபோல ஒரு கட்டி.

"சார், இதைப் பாருங்களேன்."

டாக்டர் அருண்பிரசாத் குனிந்து பார்த்தார். "எதம்மா? சுத்தமா இருக்கே. கல்லு மட்டும்தான்."

அவள் மறுபடி பார்த்தாள். கொண்டை அங்கேயேதான் இருந்தது. அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

ராயப்பன் சுரங்கத்தில் காண்டிராக்ட் வேலை பார்த்தவர். நீர்ப்பையில் புற்றுநோய். கீமோ மருந்து ஏற்றிய பிறகு கட்டி சுருங்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான் இங்கே வந்தார். நீர்ப்பை நிறைந்திருந்தால்தான் சுவர் விரிந்து கட்டி சரியாகத் தெரியும். அவருக்கோ அது காலியாக இருந்தது.

"தண்ணி குடிச்சிட்டு காத்துக்கினு இருக்கட்டுமாம்மா?" என்று அவரே கேட்டார்.

"வேணாங்க, இதுவே போதும்."

அன்று கடைத்தெருவில் புடவைத் தள்ளுபடிக்குக் கடைசி நாள். அவரால் சிறுநீரை அடக்க முடியவில்லை என்று டாக்டரிடம் சொல்லிவிட்டாள். சுருங்கிக் கிடந்த சுவர் மடிப்புக்குள் கட்டி ஒளிந்துகொண்டது. மருந்து நன்றாகக் கேட்கிறது என்று முடிவாயிற்று. அதே மருந்தை ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். கட்டி நீர்ப்பையைத் தாண்டிவிட்டது தெரிந்தபோது, அறுத்து எடுக்கவும் வழியில்லை. சில மாதத்தில் இறந்துபோனார். வாங்கி வந்த புடவையை அவள் இன்னும் பிரிக்கவில்லை.

மதியம் சாமியம்மாள் வந்தாள், ராயப்பனின் மனைவி. பை நிறைய பலாச்சுளை. வாசம் அறை முழுக்கப் பரவியது.

"வூட்டு மரத்துப் பழம்மா. கடைசி வரைக்கும் உன்னத்தான் சொல்லிக்கினு இருந்தாரு. அந்தப் பொண்ணு பொறுமையா பாத்துச்சுன்னு."

சந்திரகலாவின் வாய் திறந்தது. சொல்லிவிடலாம். இப்போதே.

"சாப்பிட்டீங்களாம்மா?" என்றாள்.

அடுத்து வந்த மலர்கொடிக்குக் குடல்வால் வலி. அவள் நீர்ப்பையிலும் அதே சுவர், அதே கொண்டை. காலையில் பார்த்ததைவிடப் பெரியது.

பொழுது சாய்ந்ததும் டாக்டர் கிளம்பினார். அனல்மின் நிலையத்தின் இரைச்சல் எங்கிருந்தோ ஓயாமல் வந்துகொண்டிருந்தது. ஏ.சி.யின் குளிரில் பலாவாசம் கெட்டிப்பட்டுப் புளித்த நாற்றமாக மாறி, டெட்டால் வாடையோடு கலந்து அவள் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. மெஷினில்தான் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கோளாறைச் சோதிக்க ஒரு பிளாஸ்டிக் உருளை உண்டு. உள்ளே வெறும் தண்ணீர். அதை மேசையின் தலைமாட்டில் வைத்தாள். மலர்கொடி போர்த்தியிருந்த போர்வை கால்மாட்டில் நீளமாகக் கிடந்தது. எடுக்கத் தோன்றவில்லை. வெளியே வந்து, கனத்த கதவைச் சாத்தி, பட்டனை அழுத்தினாள்.

திரையில் வட்டமாகத் தண்ணீர். கறை எதுவும் இல்லை.

அவளுக்கு அழுகை வந்தது. நிம்மதி.

பிறகு வட்டத்தின் இடது ஓரத்தில் ஒரு புள்ளி. மொட்டு. கொண்டை.

பிளாஸ்டிக்கில்.

வழக்கமான வயிற்று ஸ்கேனுக்குரிய பட்டனையே அழுத்தியிருந்தாள். பதிவு செய்த குரல் உள்ளே தானாக ஒலித்தது.

"மூச்சை நன்றாக இழுத்துப் பிடியுங்கள்."

ஸ்பீக்கரில், அந்த அறைக்குள்ளிருந்து, யாரோ மூச்சை இழுத்தார்கள்.

நீளமாக. சளி கரகரக்க. சொன்னபடி கேட்கும் ஒரு நோயாளியின் பணிவோடு.

நின்றது.

கண்ணாடிக்கு அப்பால், ஆளில்லாத மேசைமேல் கிடந்த போர்வை நடுவில் மெல்ல உயர்ந்தது. ஒரு வயிற்றின் உயரத்துக்கு.

மூச்சை விடச் சொல்லும் குரல் வர வேண்டும். வரவில்லை. அவள் பட்டனைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். மைக்கில் வாயை வைத்தாள்.

"விட்டுடுங்க... ஐயா, மூச்ச விட்டுடுங்க."

போர்வை தாழவில்லை.