ஜன்னலுக்கு வந்த ஆழ்கடல் சங்கு

"செத்தவங்க வீட்டுக்கு வந்துட்டுப் போவாங்களா சார்?" என்று கேட்டாள் துப்பறிவாளரின் அறைக்கு வந்த பெண். அவள் உட்காரக்கூட இல்லை. கையில் ஒரு வெள்ளைச் சங்கு.

மீன்பிடிப் படகில் போன கணவன் ஆழ்கடலில் விழுந்துவிட்டான், உடல் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு சில காலைகளில் அவளுடைய ஜன்னல் மேடையில் இப்படி ஒரு சங்கு இருக்குமாம். ஜன்னலோ உள்ளே தாழிட்டபடி.

"நாளைக்குக் கொழுந்தனார் படகுல நானும் போறேன். அவர் விழுந்த இடத்துக்கு. சங்கு அனுப்பிக் கூப்பிடுறாரு, போகாம எப்படி?"

அவள் அதைச் சொன்ன அமைதியிலேயே தெரிந்தது: திரும்பி வரும் எண்ணம் அவளுக்கு இல்லை.

துப்பறிவாளரை எல்லோரும் நிதானம் என்பார்கள், உதவியாளனை அவசரம். பெயர் வைத்தவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

"கொழுந்தன் வேலைதான் சார். இந்தச் சங்கு அவன் வலையிலதானே வரும்?" என்றான் அவசரம்.

நிதானம் சங்கைத் திருப்பினார். அதன் வாயை நத்தையின் பழுப்பு மூடி அடைத்திருந்தது. "எப்போ வந்ததும்மா?"

"போன வாரம். உள்ளே உயிர் இருக்கு சார். கதவைச் சாத்திக்கிட்டு இருக்கு."

"மோந்து பாருடா."

அவசரம் மோந்தான். "ஒண்ணும் நாறலையே."

அவள் வீட்டில் கொழுந்தன் வலை பின்னிக்கொண்டிருந்தான். மாமனார் பின்னறையில், கடைக்காகச் சங்குகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். நிதானம் இருவரையும் அழைத்து, ஊசியால் அந்த மூடியை நெம்பினார். உள்ளே பஞ்சு.

"ஆழத்து நத்தை மேலே வந்தா பிழைக்காது. ஒரு வாரத்துல வீடே நாறியிருக்கணும். சதையை எடுத்து, பஞ்சு அடைச்சு, மூடியைப் பழையபடி ஒட்டியிருக்கு. பயமுறுத்த நினைச்சவனுக்கு வெறும் சங்கே போதும். தாழிட்ட ஜன்னல்ல வைக்க வீட்டு ஆளாலதான் முடியும். சங்கைச் சுத்தம் பண்ணிப் பழகி, அதை வாய் திறந்தபடி விட மனசு வராத கை இந்த வீட்டுல ஒண்ணுதான் இருக்கு."

கொழுந்தன் அப்பாவைப் பார்த்தான். "கடைக்குன்னுதானேப்பா கேட்டு வாங்கினீங்க?"

கிழவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எதுக்கு மாமா?" என்றாள் அவள்.

"நீ எழுந்து வந்து, 'மாமா, அவர் வந்துட்டுப் போயிருக்கார்'னு சொல்லுவியேம்மா. அதைக் கேட்கத்தான். வச்சது நான்தான்னு தெரியும். ஆனா நீ சொல்றப்போ நம்பிடுவேன்."

அவள் அவர் எதிரே அமர்ந்தாள். கோபப்பட அவளால் முடியவில்லை.

"அப்போ நாளைக்கு நான் போக வேண்டாமா?"

கிழவர் அந்தச் சங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. அங்கே யாரும் இல்ல."

அதைச் சொன்ன பிறகுதான், மகன் போன நாளிலிருந்து அழாத அந்த மனிதர் அழுதார்.