பத்தாயிரத்து ஏழு நாற்காலிகள்

காலையில் கடைசி வரிசையின் சுவரோரத்தில் இருந்த காலி இடம், கிடங்குக்காரன் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியபோது வரிசையின் நடுவில் இருந்தது.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் விளையாடுவது? உள்ளே தாழ்போட்ட கிடங்கில் அவனும், தகரக் கூரையின் கொதிப்பில் மூக்கை அடைக்கும் வார்னிஷ் நெடியும், பத்தாயிரத்து ஏழு மர நாற்காலிகளும்தான்.

எல்லாம் மச்சானால் வந்த வினை. முதலாளி, மனைவிக்கு அண்ணன். நாளை சரக்கு வாங்குகிறவர்கள் பார்வையிட வருகிறார்களாம். ஒரு வரிசையிலும் குறை தெரியக்கூடாதாம். வரிசைக்கு அறுபது வைத்தால் நாற்பத்தேழு மிஞ்சியது. எழுபத்திரண்டு வைத்தால் நூற்று முப்பத்தெட்டு வரிசை நிறைந்து, கடைசியில் ஒன்று குறைந்தது. சரக்குச் சீட்டின் பின்பக்கத்தில் நூறு வரை எல்லா எண்ணாலும் வகுத்துவிட்டான். எதற்கும் மசியவில்லை. பகா எண். ஒற்றை வரிசையாக நிறுத்தினால்தான் உண்டு.

மச்சானிடம் தொலைபேசியில் சொன்னான்.

"ஒரு நாற்காலிய முழுங்கிட்டு எனக்கே கணக்குப் பாடமா மாப்ளே? நாளைக்கு வரிசை நிறையலன்னா என் வீட்டுல இருந்து மூட்டையக் கட்டுங்க."

இத்தனை பேச்சும் யாருக்காகக் கேட்பது? காலையில் மஞ்சள் காலுறை மாட்டிவிட்டபோது உதைத்து உதைத்துச் சிரித்தாளே, அந்த ஒன்றரை வயதுக் குட்டிக்காக. வீடு போனால் அவளை எங்கே படுக்க வைப்பான்? ஆத்திரம் தலைக்கேற, எதிரில் இருந்த நாற்காலியை ஓங்கி உதைத்தான்.

"ஒண்ணுதானே குறையுது? எங்கயாவது போய் எடுத்துக்கிட்டு வந்து நின்னு தொலைங்க!"

கத்தல் கூரையில் மோதி அடங்கியது. அதன்பின், கிடங்கின் அந்தக் கோடியில், சிமெண்டுத் தரையில் மரக்கால் உரசும் சத்தம் மெல்லக் கிளம்பி, வரிசை வரிசையாகத் தாவி, அவன் பக்கம் நெருங்கி, முழங்கை தூரத்தில் நின்றது. நடுவில் இருந்த காலி இடம் இப்போது நடைபாதை ஓரத்தில், அவனுக்குப் பக்கத்தில் இருந்தது.

தொலைபேசி அடித்தது. மனைவி.

"பாப்பா அங்க வந்தாளாங்க?"

"என்ன உளர்ற? அவ எப்படி வருவா?"

"சாப்பாட்டு நாற்காலில உக்கார வெச்சு வார் மாட்டிட்டுத் திரும்பினேன். வார் மாட்டினபடியே இருக்கு. அவளக் காணோம்."

முதுகுக்குப் பின்னால் ஓர் உரசல். ஒன்றே ஒன்று.

திரும்பினான்.

காலி இடம் இல்லை. எண்ணினான். எழுபத்திரண்டு. மறுபடி எண்ணினான். எழுபத்திரண்டு.

ஓரத்தில் நின்றது மட்டும் குட்டை. வார்னிஷ் நெடி இல்லை. பால் வாசனை.

தொட்டான். சூடாக இருந்தது. சாய்மானம் லேசாக ஏறி இறங்கியது.

குனிந்தான்.

கால்களில் மஞ்சள் காலுறை. நான்கிலும்.