பச்சை விளக்கும் பக்கத்துக் கிணறும்

காலை 9.10. கிணற்று நீரில் பெட்ரோல் வாடை. முப்பதடி தள்ளி ஒரு பெட்ரோல் பங்க். ஆனால் அதன் நிலத்தடி டேங்க் கசியவில்லை.

கசிவை விசாரிக்க வந்த பெண் ஆய்வாளர் நேற்றும் முந்தாநாளும் சோதித்துவிட்டார். பம்பை நிறுத்தி, நான்கு மணி நேரம் டேங்கைத் தொடாமல் விட்டு, பெட்ரோல் மட்டத்தை அளந்தார். மயிரிழைகூட இறங்கவில்லை. அலுவலகச் சுவரிலிருந்த கண்காணிப்புப் பெட்டியில் பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது.

அந்தக் கிணற்றை ஆறு வீடுகள் நம்பியிருந்தன. மூன்று குழந்தைகள் வாந்தியெடுத்துப் படுத்திருந்தார்கள். ஒருத்தி, கிணற்றையொட்டி பைக் பட்டறை வைத்திருப்பவரின் மகள். பட்டறையில் கொட்டிய பெட்ரோல்தான் காரணம் என்று பங்க் மேனேஜர் புகார் எழுதிக் கொடுத்திருந்தார். பன்னிரண்டு மணிக்குச் சுகாதார அதிகாரி பட்டறைக்குச் சீல் வைக்க வருகிறார்.

"என் புள்ள குடிக்கிற தண்ணியில நானே பெட்ரோல் ஊத்துவேனாக்கா?" பட்டறைக்காரர் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு ஆய்வாளரிடம் வந்தார்.

"எங்க டேங்க் சுத்தம். அப்போ வானத்துலேர்ந்தா கொட்டுச்சு?" என்றார் மேனேஜர்.

10.40. ஆய்வாளர் டேங்கின் தலைமேல் இருந்த இரும்பு மூடியருகே உட்கார்ந்தார். அதன் கீழே ஒரு குழி. பம்பின் தலையும் குழாய் இணைப்பும் அதற்குள் இருக்கும். இணைப்பு கசிந்தால் குழியில் தேங்கும். அடியில் தொங்கும் சென்சார் நனையும். சுவர்ப் பெட்டி அலறும்.

"இதை யார் திறப்பாங்க?"

"சர்வீஸ் ஆளுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை. நான் எட்டிக்கூடப் பார்த்ததில்ல" என்றார் மேனேஜர்.

"இப்போ திறக்கணும்."

"எதுக்கு மேடம்? வெறும் மழைத்தண்ணிதான் கிடக்கு."

அவர் சொன்னதை ஆய்வாளர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு பட்டறைக்காரரிடம் கடப்பாரை கேட்டார்.

11.15. மூடி நகர்ந்தது. முழங்காலளவு கருநீர், மேலே வானவில்லாய்ப் பெட்ரோல் படலம். குழியின் கிணற்றுப் பக்கச் சுவரில், நீர்மட்டத்தில், ஒரு வெடிப்பு. சென்சாரோ, நீர்மட்டத்துக்கு மேலே, தூசி படிந்து, குழாயோடு கட்டப்பட்டிருந்தது.

"பம்பை ஓட்டுங்க."

இணைப்பிலிருந்து நூல்போலப் பெட்ரோல் பீறிட்டது. நிறுத்தியதும் நின்றது.

"அதான் டேங்க் சோதனையில மாட்டல. பம்பு ஓடும்போது அழுத்தம் ஏறினாத்தான் இது கசியும். சென்சாரைக் கட்டினது நீங்க."

"சர்வீஸ்காரன் பண்ணியிருப்பான்!"

"பதினோரு மாசமா குழி காஞ்சிருக்குன்னு உங்க பெட்டி சொல்லுது. எட்டிக்கூடப் பார்க்காதவருக்கு உள்ள தண்ணி கிடக்குறது எப்படித் தெரியும்?"

மேனேஜரின் குரல் இறங்கியது. "மழை பெஞ்சாலே கத்துது மேடம். ஒவ்வொரு தடவையும் வேலையை நிறுத்திட்டுப் பார்க்க முடியுமா?"

"கத்துறதுக்குத்தான்யா அதை வச்சிருக்கு! மழை உள்ள இறங்காம மூடிக்கு ஒரு ரப்பர் மாத்த வக்கில்ல. அது வாயைக் கட்டிட்டு, பெத்தவன் மேல பழி போட்டிருக்கே!" என்றார் ஆய்வாளர்.

பட்டறைக்காரர் ஓரடி முன்னால் வந்தார். ஆய்வாளர் குறுக்கே கை நீட்டினார். "வேணாம் தம்பி. அந்தாளைத் தொட்டு உங்க கேஸை நீங்களே கெடுத்துக்காதீங்க."

12.00. அதிகாரி வந்தார், குழிக்குள் குனிந்து பார்த்தார். சீல் பங்க் மீது விழுந்தது.

ஆய்வாளர் உத்தரவை எழுதினார்: இணைப்பையும் மூடி ரப்பரையும் மாற்ற வேண்டும். குழியை வற்றவைத்து வெடிப்பை அடைக்க வேண்டும். சென்சார் தரையைத் தொட்டு நிற்க வேண்டும். அது நனைந்த நொடியே பம்பு தானாக நிற்க வேண்டும். கிணறு தேறும்வரை ஆறு வீடுகளுக்கும் பங்க்கே குடிநீர் தர வேண்டும்.