மஞ்சளாகாத தண்ணீர்

சோதனைச் சொட்டு மருந்து விட்ட பிறகும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மஞ்சளாகவில்லை.

காலையில்தான் அவள் கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றியிருந்தாள். குளோரின் மிச்சமிருந்தால் மஞ்சளாகும், கிணற்றிலிருக்கும் அழுக்கு அதைத் தின்றுவிட்டால் நிறமே வராது என்று சுகாதார ஊழியர் சொல்லிக் கொடுத்திருந்தார். நேற்றும் வரவில்லை. முந்தாநாளும் இல்லை. உள்ளே இருப்பது எதுவோ, அதற்கு நல்ல பசி.

"கிணத்த மூடிடலாம்," என்றான் கணவன்.

"மூடிட்டு? அடுத்த வீட்டு வாசல்ல குடத்தோட நிக்கணுமா? நம்ம பொண்ணு வயித்தால போயி நாரா கெடக்கா. ரெண்டுல ஒண்ணு பாக்காம விடமாட்டேன்."

அவன் மகளுக்கு மாத்திரை வாங்கக் கிளம்பிப் போனான்.

மழை மூட்டத்தில் பகலே இருட்டிக்கொண்டு வந்தது. நெடி மூக்கைச் சுட, கண்ணில் நீர் வழிய, பவுடரை வாளி வாளியாகக் கரைத்து வைத்துக்கொண்டு முதல் வாளியைக் கயிற்றில் இறக்கினாள். அது தண்ணீரைத் தொடும் சத்தமே கேட்கவில்லை. அதற்குள் கீழே யாரோ கைநீட்டி வாங்கிக்கொண்டதைப் போலக் கயிறு தளர்ந்தது, ஆழத்திலிருந்து மடக் மடக்கென்று விழுங்கும் ஒலி ஏறி வந்தது. இழுத்துப் பார்த்தாள். வாளி காலி. விளிம்பில் நக்கிய ஈரம்.

பயம்தான். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது.

"குடி. வயிறு முட்டக் குடி."

அடுத்தது. அதற்கடுத்தது. கடைசி வாளியை இறக்கும் முன்பே சத்தம் நின்றுவிட்டது.

கொஞ்சம் பொறுத்து நீர் மொண்டு, துவைக்கிற கல்லில் குழாயை வைத்து, கிணற்றுக்கும் வீட்டுக்கும் முதுகு காட்டிக் குனிந்து பார்த்தாள். மஞ்சள். நல்ல அடர்மஞ்சள். சிரிப்பே வந்துவிட்டது அவளுக்கு. மருந்து தணிந்ததும் மகள் இதைக் குடிக்கலாம். தின்ன இனி உள்ளே எதுவும் இல்லை.

திரும்பினாள்.

கிணற்றுச் சுவரிலிருந்து வாசற்படி வரை ஈரம். வெள்ளைச் சுவடுகள்.

மிச்சமிருந்த கடைசி வாளியோடு வாசலுக்கு ஓடினாள். வீட்டுக்குள் பிளீச்சிங் நெடி.

"அம்மா, தண்ணி," என்றாள் மகள்.

"அம்மா, தண்ணி," என்றது அதே போர்வைக்குள் இன்னொரு குரல்.

வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"எம்பொண்ண விட்டுட்டு எந்திரி. இதக் குடி."

போர்வை நெளிந்தது. ஒரு கை வெளியே வந்தது. மகளுடையது. வாளியை வைத்துவிட்டுப் பிடித்து இழுத்தாள். ஊறி வெளுத்த இன்னொரு கை மகளின் இடுப்பைச் சுற்றியிருந்தது. அது விடவில்லை. அவளும் விடவில்லை.

வாளி வைத்தபடியே இருக்க, போர்வைக்குள் மடக் மடக்கென்று சத்தம் தொடங்கியது.